நம் மலைத் தேநீரின் சுவை

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள், உயர்தர வகுப்பு மாணவரொருவர் நம்மிடம் ஒரு வினாவைத் தொடுத்தார். "சேர், ஷாம்பேன் என்கிறது பிரான்சில ஒரு நாட்டுப்புறத்தோட பேராமே? அந்த இடத்துப் பேரையே அங்க விளையிற திராட்சை மதுவுக்கும் வச்சிருக்காங்களாமே? எங்க ஊரு றொசல்ல. எங்க ஊரை நெனச்சுக்கிட்டு உலகத்தில யாராச்சும் எதையாச்சும் குடிக்கிறாங்களா?" வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினோம். ஆயினும் மணியடித்த பின்னரும் அவ்வினா நம்மை விட்டு அகலவில்லை. அதற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

மேனாட்டார் தம் திராட்சை மதுவைப் பற்றி எழுதியுள்ள நூல்களை அடுக்கினால் ஒரு நூலகமே நிறைந்துவிடும். போர்தோ, பேர்கண்டி, ஷாம்பேன் என்பன யாவும் முதலில் இடப்பெயர்களே. போத்தலின் முகத்தில் எந்த ஊரில் விளைந்தது, எந்த ஆண்டில் விளைந்தது என்பவற்றையும், பல வேளைகளில் எந்த இனத் திராட்சை என்பதையும் பொறித்துவிடுவர். ஒரே குன்றின் கிழக்குச் சரிவிலும் மேற்குச் சரிவிலும் விளைந்தவற்றுக்கு இடையே வேறுபாடு கூறுவர். மீனுக்கு இன்னது, இறைச்சிக்கு இன்னது, பாற்கட்டிக்கு இன்னது என்று உணவோடு இணைசேர்த்தும் வைத்திருக்கின்றனர். மது அருந்துதல் நம் சமயத்துக்கும் குடும்ப ஒழுக்கத்துக்கும் ஒவ்வாதது. தோட்டப் பகுதிகளில் சாராயம் செய்த அழிவையும் நாம் கண்ணாரக் கண்டவர்களே. ஆகவே மதுவைப் புகழ்வதற்காக நாம் பேனாவை எடுக்கவில்லை. அந்நாட்டுக் குடியானவரிடம் நம்மைக் கவர்ந்தது வேறொன்று. தம் தோட்டத்துப் பழத்திலிருந்து பிறந்த பானத்தின் சுவையை அவர் தாமே அறிவார். அது நல்லதா, ஆகாததா என்று சொல்ல இன்னொருவரை எதிர்பார்ப்பதில்லை.

திராட்சை நமக்கு முற்றிலும் அந்நியமான பொருளன்று. தமிழகத்தின் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுவதும் குலைகுலையாகக் காய்க்கின்றது. மேனாட்டார் இதனை மஸ்கட் ஹாம்பர்க் என்பர். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832ஆம் ஆண்டில் இதனைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தார் என்று சொல்லப்படுகின்றது. கம்பத்துப் பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் இந்திய அரசின் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே மாவட்டத்தின் உச்சியிலுள்ள கொழுக்குமலையில், ஏழாயிரம் அடிக்கும் மேலே, தேயிலை பயிராகின்றது. கீழே திராட்சையும் மேலே தேயிலையுமாக ஒரே மாவட்டத்தில் அமைந்திருப்பது தற்செயலாகவே இருக்கட்டும். ஆனால் மாணவர்கள் அறிய வேண்டிய உறவு ஒன்று அவ்விரண்டுக்கும் உண்டு. பன்னீர்த் திராட்சைக்கு அந்த மணத்தை அளிப்பவற்றுள் லினலூல், ஜெரானியோல் என்னும் இரு பொருள்கள் முதன்மையானவை. ஜெரானியோல் ரோசா மலரிலும் உண்டு; பன்னீரின் மணத்தில் அதற்கும் பங்குண்டு. நல்ல தேயிலையின் மணத்தை ஆராய்ந்தோர் அதனுள்ளும் இவ்விரு பொருள்களையே கண்டனர். ஆகவே கம்பத்துத் திராட்சைக் குலையும் றொசல்ல மலைக் கொழுந்தும் மணத்தால் உறவுடையவை என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி நம் ஊருக்கு வருவோம். கொழும்பிலிருந்து பதுளை செல்லும் புகையிரதம் நாவலப்பிட்டியைக் கடந்து மூச்சிரைக்க ஏறுகின்றது. வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையில் அமைந்த சிறு நிலையம் றொசல்ல. இங்கே மலை நாலாயிரம் அடி எல்லையை நெருங்குகின்றது. இலங்கைத் தேயிலையை விளையும் உயரத்தைக் கொண்டே மூன்றாகப் பகுப்பர். இரண்டாயிரம் அடி வரை தாழ்நிலத் தேயிலை, அதற்கு மேல் நாலாயிரம் அடி வரை இடைநிலத் தேயிலை, அதற்கும் மேற்பட்டது உயர்நிலத் தேயிலை. ஹற்றன், டிக்கோயா, தலவாக்கலை முதலிய இடங்களைச் சூழ்ந்த மேற்குச் சரிவுக்குத் தேயிலை வணிகர் இட்ட பெயர் திம்புள்ள என்பதாகும். கிழக்கே ஊவா, உச்சியில், ஆறாயிரம் அடியளவில், நுவரெலியா.

இவ்விடங்களின் தேநீர் ஏன் வேறுபடுகின்றது? விடை காற்றிலும் மழையிலும் இருக்கின்றது. தேயிலைச் செடி மழையை விரும்பும். தேநீரின் மணமோ மழையை விரும்பாது. வைகாசிக்குப் பின் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதிப் பொழிகின்றது. நாட்டிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று நம் அயலிலுள்ள வட்டவளை. அக்காலத்தில் கொழுந்து மளமளவென்று வளரும். கூடை விரைவில் நிரம்பும். ஆனால் கோப்பையில் மணம் குன்றிவிடும். தை முதல் பங்குனி வரை நிலைமை தலைகீழாகின்றது. வடகீழ்ப் பருவக்காற்று தன் ஈரத்தை மலையின் கிழக்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, நம் பக்கத்துக்கு உலர்ந்து வருகின்றது. இரவிற் கடுங்குளிர், பகலில் தெளிந்த வெயில். கொழுந்து தயங்கித் தயங்கி வளர்கின்றது. அந்தத் தயக்கத்தில் மணமும் சாரமும் செறிகின்றன. சிவனொளிபாதமலைக்கு யாத்திரிகர் திரள்திரளாகச் செல்லும் அந்த மாதங்களே, நம் மேற்குச் சரிவுத் தேயிலைக்கு உலகச் சந்தையில் நற்பெயர் ஈட்டித் தரும் மாதங்களுமாகும். ஊவாவிலோ ஆடி, ஆவணி, புரட்டாசியில் கச்சான் காற்று வீசும்போதுதான் நற்பருவம். அக்காலத்து ஊவாத் தேநீரில் குளிர்ச்சி பொருந்திய ஒருவகைக் காரமணம் எழும். அதற்குக் காரணமான மெதில் சலிசிலேற்று என்னும் பொருள், நோவுக்குத் தேய்க்கும் மருந்துத் தைலங்களிலும் உள்ளதே. வருந்தி விளைந்த பழமே நல்ல மது தரும் என்று திராட்சைக் குடியானவரும் சொல்வர் என அறிகின்றோம்.

செடியின் இனத்தையும் சிறிது நோக்குவோம். தேயிலையில் சிற்றிலைச் சீன இனமும் பேரிலை அசாம் இனமும் தாய் இனங்கள். நம் மலைகளில் நூறாண்டுக்கு மேல் நிற்கும் விதைத் தேயிலை பெரும்பாலும் இரண்டும் கலந்தது. ஒரு மலையில் நிற்கும் பத்தாயிரம் செடிகளும் பத்தாயிரம் விதம். பின்னர் வந்தது வீ.பி. தேயிலை, அதாவது நல்ல தாய்ச்செடியின் தண்டை நறுக்கி நட்டு வளர்த்தது. திராட்சைக் கொடியையும் இவ்வாறே தண்டிலிருந்து வளர்க்கின்றனர். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925ஆம் ஆண்டில் தோன்றியது. தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் அந்நிலையம் தெரிந்தெடுத்த இனங்களுள் டி.ஆர்.ஐ. 2025 என்பது மலைநாடெங்கும் பரவியது. வீ.பி. விளைவு மிகத் தரும். ஆனால் முதிய தொழிலாளர் பலர், "விதைத் தேயிலை மணம் இதுக்கு வராது, மாஸ்டர்" என்று நம்மிடம் கூறியதுண்டு. ஆராய்ச்சியாளர் இதனை ஒப்புவரோ மாட்டாரோ, நாற்பது ஆண்டு கொழுந்து கிள்ளிய விரல்களின் தீர்ப்பை எளிதில் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

வரலாற்றை நம் வாசகர் பலரும் அறிவர். 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்ததும், 1884இல் புகையிரதம் ஹற்றனை எட்டியதும் பாடநூல்களில் உள்ளன. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து மன்னார் வழியே நடந்து வந்து, வழியிலேயே மாண்டவர் போக எஞ்சியவர் இம்மலைகளைத் தேயிலையாக்கியதற்குப் பாடநூல்கள் ஒதுக்கும் இடம் அதனினும் சிறியது.

மாணவரின் வினாவுக்கு விடைகாண, நம் வகுப்பில் பதினான்கு பேரை அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை றொசல்லப் பகுதித் தேயிலை ஸ்டோர் ஒன்றுக்குச் சென்றோம். இவர்களுட் பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள். ஸ்டோரின் சங்கொலி கேட்டுக் கண் விழிப்பவர்கள். ஆயினும் ஸ்டோருக்குள்ளே காலடி வைத்தவர் அவர்களுள் மூவரே. வாயிலின் ஓரத்தில் சிறு கல்லொன்றுக்குக் குங்குமமும் பூவும் சாத்தியிருந்தது. ரோதை முனி. ரோதை என்பது இயந்திரச் சில்லு. அதன் வாய்க்குள் கைகால் அகப்படாமல் காப்பவர் அம்முனி. கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கவ்வாத்துச் சாமி, கொழுந்து மலைக்குக் கொழுந்துச் சாமி என்று, தொழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலைக் கற்பித்த நம் மக்களின் பக்தியை வியந்தபடியே உள்ளே புகுந்தோம்.

மேல்மாடியில் நீண்ட தொட்டிகளில் கொழுந்து வாடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் காற்றோட்டத்தில் கிடந்து, தன் ஈரத்திற் பெரும்பங்கை இழந்து துவண்ட பின்னரே கீழிறங்கும். பின்னர் உருட்டு இயந்திரத்தில் நசுங்கிச் சாறு கசியும். அதன்பின் பரப்பி வைப்பர். இந்தக் கட்டத்தை ஆங்கிலத்தில் மதுவுக்கு வழங்கும் சொல்லாலேயே வழங்குவதால் நம் மாணவர் ஒருவர், "அப்படியென்றால் தேயிலையும் கள்ளுப்போலப் புளிக்கிறதா?" என்று ஐயுற்றார். இல்லை. திராட்சைச் சாற்றில் நொதி நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு மதுசாரத்தை உண்டாக்குகின்றன. தேயிலையில் அத்தகைய உயிருக்கு வேலையே இல்லை. நறுக்கி வைத்த வாழைக்காய் சற்று நேரத்தில் கறுக்கின்றதே, அதுவே இங்கு நிகழ்வது. இலைச் சாறு காற்றோடு கலந்து பச்சை நிறம் செம்பு நிறமாகின்றது. அப்போது தியாஃபிளேவின் என்னும் பொருள் தோன்றித் தேநீருக்கு ஒளியையும் துடிப்பையும் தருகின்றது. தியாருபிகின் என்பது நிறத்தையும் கனத்தையும் தருகின்றது. நேரம் குறைந்தால் பச்சை வாடை. கூடினால் சப்பென்று போய்விடும். எந்தக் கணத்தில் நிறுத்தி அடுப்புக்கு அனுப்புவது என்பதை டீமேக்கர் மூக்கால் அறிகிறார். நாம் கண்ட டீமேக்கர் ஒரு கைப்பிடியை அள்ளி முகர்ந்து, "இன்னும் பத்து நிமிசம்" என்றார். கடிகாரத்தை அவர் பார்க்கவேயில்லை. அவ்வேளையில் அம்மண்டபத்தில் பரவியிருந்தது பழுத்த பழத்தின் மணமேயன்றித் தேயிலை மணமன்று.

உலர்த்திய தேயிலையைச் சல்லடைகள் பிரிக்கின்றன. பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் முதலிய பெயர்களைக் கடைகளில் கண்டிருப்பீர்கள். இவை சுவையின் தரத்தைக் குறிப்பன என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவை முதலாவதாகத் துணுக்கின் அளவையே குறிக்கின்றன. முதலிற் கூறியது சிறு நறுக்கு. அடுத்தது அதனினும் சிறியது. டஸ்ட் என்பது பொடி. நற்பருவத்து நல்ல தோட்டத்துப் பொடி, மழைக்காலத்து நறுக்கிலும் சிறந்ததாகலாம். ஆனால் இவற்றுக்கெல்லாம் பின்னே நார், காம்பு, கழிவு என்று ஒரு கடைநிலைத் தேயிலையும் உண்டு. அதன் கதை வேறு.

சுவை பார்க்கும் மேசைக்கு வந்தோம். வெண்ணிறக் கிண்ணங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 2.8 கிராம் தேயிலை. பழைய ஆங்கிலேய ஆறு பென்ஸ் நாணயத்தின் எடை அது. அந்நாணயத்தையே படிக்கல்லாக வைத்துத் தராசில் நிறுத்த வழக்கம் பின்னும் தொடர்ந்தது. கொதித்த நீரை ஊற்றி ஐந்தாறு நிமிடம் மூடி வைத்து வடிப்பர். முதலிற் பார்ப்பது வடிந்த நீரையன்று, வெந்த இலையை. அது புதுச் செப்புக்காசுபோல் மின்ன வேண்டும். பின்னர் கரண்டியால் அள்ளி, மூக்குக்கும் நாவுக்கும் ஒருங்கே எட்டும்படி சர்ரென்று உறிஞ்சி, வாயிற் சுழற்றி உமிழ்ந்துவிடுவர். வீட்டிற் செய்தால் அம்மா கரண்டியால் அடிப்பார். ஆனால் கொழும்பில் 1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆந் திகதி தொடங்கிய தேயிலை ஏலம் இந்த உறிஞ்சலின் மீதே நடந்து வந்திருக்கிறது. 2020இல் ஏலம் கணினித் திரைக்கு மாறிற்று. உறிஞ்சும் நாவுக்கு மாற்று வரவில்லை. அங்கே ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு மார்க் உண்டு. எந்த மலை, எந்த வாரம் என்பது வாங்குபவருக்குத் தெரியும். ஆகவே நம் மாணவருக்கு விடையின் முற்பாதி கிடைத்துவிட்டது: ஆம் தம்பி, உன் ஊர் மலைகளின் பேரறிந்து உலகில் குடிப்பவர் உண்டு.

பிற்பாதி அத்துணை இனிதன்று. டீமேக்கர் நான்கு கிண்ணங்களை மாணவர்முன் வைத்தார். மூன்று அந்த ஸ்டோரின் நற்பருவத் தேயிலை. நான்காவது, நாம் நகரக் கடையொன்றில் மலிவாக வாங்கிச் சென்ற பெயரற்ற தூள். எது எதுவென்று சொல்லாமல், பிடித்ததைத் தெரிவு செய்யுமாறு கூறினோம். பதினான்கு பேரில் பதினொருவர் நான்காம் கிண்ணத்தையே சுட்டினர்! "இதுதான் சேர் சாயமா இருக்கு" என்றார் ஒருவர். "மத்ததெல்லாம் தண்ணி மாதிரி, நாக்கைப் புடிக்குது" என்றார் மற்றொருவர். றொசல்ல வினாவை எழுப்பிய மாணவரும் அப்பதினொருவருள் ஒருவரே. டீமேக்கர் சிரிக்கவில்லை. "பிள்ளைங்க மேல தப்பு இல்ல, சேர். வீட்டுல குடிக்கிறது எதுவோ அதுதான் நாக்கு" என்றார்.

வீட்டில் குடிப்பது எது? பல தோட்டங்களில் தொழிலாளருக்கு மாதந்தோறும் சிறிதளவு தூள் கொடுப்பது வழக்கம். தோட்டத்தின் சிறந்த தேயிலை அந்தப் பொட்டலத்தில் இருப்பதில்லை. அது காகிதப் பைகளில் அடைபட்டுக் கொழும்புக்கு இறங்கிவிடுகின்றது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடுமாயினும், ஒரு பெண் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து பறிக்கிறார் என்று கொள்வோம். நாலரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான பச்சைக் கொழுந்தே ஒரு கிலோ தேயிலையாகும். ஆகவே அவருடைய ஒரு நாளைய உழைப்பு ஏறத்தாழ 4 கிலோ தேயிலை. ஒரு கோப்பைக்கு இரண்டரைக் கிராம் வீதம் ஆயிரத்தைந்நூறு கோப்பைத் தேநீர்! 2021ஆம் ஆண்டில், நெடிய போராட்டத்தின் பின், அவருடைய நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக விதிக்கப்பட்டது. அதற்குப் பின்னர் உயர்த்தப்பட்டும் உள்ளது. அந்த ஆயிரம் ரூபாயை ஆயிரத்தைந்நூறு கோப்பைக்குப் பங்கிட்டால் கோப்பைக்கு ஒரு ரூபாயும் தேறாது. திராட்சைக் குடியானவர் தம் மேசையில் தம் மதுவை வைத்துச் சுவைக்கிறார் என்றோமே, அது நாவின் பெருமை மட்டுமன்று, உடைமையின் பெருமையுமாகும் என்பதை இக்கணக்கு நமக்கு உணர்த்திற்று.

இல்லத்தரசிகளுக்குச் சில சொற்கள். நல்ல தேயிலை விலை கூடியதாயினும், ஒரு கோப்பைக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி போதும். மாதம் முழுவதும் வாங்க இயலாதோர் திருநாளுக்கேனும் ஐம்பது கிராம் வாங்கிப் பார்க்கலாம். தூளை நீரிலிட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுவதால் கசப்பே மிகும். நீரைக் கொதிக்கவைத்து இலையின்மேல் ஊற்றி மூடிவிட வேண்டும். மலைநாட்டவர் ஒன்றை மறத்தலாகாது. உயரம் ஏற ஏற நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஹற்றனில் ஏறக்குறைய 96 பாகையிலும் நுவரெலியாவில் 94 பாகையிலும் கொதிக்கும். ஆகவே சமவெளியில் மூன்று நிமிடம் ஊறவிட்டால் நாம் நான்கு நிமிடம் விடலாம். தேயிலை அயலிலுள்ள மணத்தையெல்லாம் உறிஞ்சும் குணமுடையது. மிளகாய்த்தூளுக்கும் மண்ணெண்ணெய்க்கும் அருகில் வைத்துவிட்டுத் தேயிலையைக் குறைகூறிப் பயனில்லை. இறுக மூடும் தகரடப்பா ஒன்று வேண்டும்.

எதனோடு எதனைக் குடிப்பது? மேனாட்டார் மதுவுக்குச் செய்த இணையை நாம் தேநீருக்குச் செய்து பார்த்தோம். இவை நம் வீட்டுத் தீர்ப்புகளே. நுவரெலியாத் தேநீர் வெளிறிய பொன்னிறமும் மலர் மணமும் கொண்டது. அதிற் பால் வார்ப்பது, மல்லிகைச் சரத்துக்கு அத்தர் பூசுவதைப் போன்றது. இனிப்பில்லாத பிஸ்கட்டோ, வெறும் பயற்றஞ் சுண்டலோ அதற்குப் போதும். ஹற்றன் பக்கத்து நற்பருவத் தேநீருக்குத் துடிப்பும் உண்டு, உடலும் உண்டு. வெறுமனே குடிக்கலாம், சிறிது பாலும் தாங்கும். சூடான உழுந்து வடைக்கும் முறுக்குக்கும் இதனை விஞ்சிய துணை இல்லை. எண்ணெய்ப் பிசுக்கை நாவிலிருந்து துடைத்து, அடுத்த கடிக்கு இடம்செய்யும். ஊவாத் தேநீரோடு தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் உண்டு பார்த்தோம். காரமும் காரமணமும் ஒன்றையொன்று தூண்டி மூக்கில் நீர் வந்தது. மழைநாளில் அது ஒரு சுகமே. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை கருஞ்சிவப்பாய்க் கனத்தது. நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் இதுவே. அராபிய நாட்டார் சீனி மிகச் சேர்த்து இதனைக் குடிக்கின்றனர். நமக்கு அது கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பதற்கு ஏற்றது. அவ்வாறு கடித்துக் குடிக்கும் நம் பாட்டிமாரின் வழக்கத்தை நாகரிகமற்றது என்று இளைஞர் எண்ணலாகாது. தேநீரின் சுவை நாவுக்குத் தெரிவதற்கு அதுவே வழி. சீனியைக் கோப்பையிற் கரைத்துவிட்டால் முழுவதும் சீனிநீராகிவிடுகின்றது.

இணை சொன்ன நாம் ஒரு பிரிவையும் சொல்லியாக வேண்டும். காலையில் ரொட்டியும் சம்பலும் உண்டு, அதனோடு கடுஞ்சாயத் தேநீர் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவது தோட்டத்துப் பெண்களின் நித்திய வழக்கம். தேயிலையின் துவர்ப்புப் பொருள் கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது தடுக்கின்றது. இரத்தசோகை தோட்டத்துப் பெண்களிடையே நெடுங்காலப் பிணி. கர்ப்பிணிகளுக்கு அது பெருங்கேடு. ஆகவே உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமேனும் விடுதல் நலம். ஆறு மணிக்கெல்லாம் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டியவரிடம் ஒரு மணி இடைவெளி விடச் சொல்வது எளிதன்று என்பதையும் அறிவோம். அவர்கள் தேநீரை எழுந்தவுடன் தனியே குடித்துவிட்டு, உணவோடு எலுமிச்சைச் சாறு கலந்த நீரையோ ஒரு கொய்யாப் பழத்தையோ கொள்ளலாம். புளிப்புப் பழங்களின் உயிர்ச்சத்து இரும்பு உடலிற் சேர உதவும். மலையில் பத்து மணித் தேநீர் அப்போது தனிச்சிறப்புடன் விளங்கும்.

ஸ்டோரிலிருந்து புறப்படும்போது டீமேக்கர் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு பொட்டலம் பி.ஓ.பி. கொடுத்தனுப்பினார். ஒரு வாரம் கழித்து நம் றொசல்ல மாணவரை வராந்தாவில் கண்டோம். அவருடைய தாயார் அதே மலைகளில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கொழுந்து பறிப்பவர்.

"அம்மா தேத்தண்ணி போட்டுப் பார்த்தாங்களா? என்ன சொன்னாங்க?" என்று கேட்டோம்.

"பொட்டலத்தைப் பிரிச்சு மணத்திப் பார்த்தாங்க, சேர். 'இது ஸ்டோர்ல தை மாசம் வர்ற மணம்'னாங்க."

"பிறகு?"

"பிறகு மடிச்சு, சாமிப்படத்துக்குப் பக்கத்துல வச்சிட்டாங்க. கொழும்புல இருந்து மாமா வந்தா போட்டுக் குடுக்கலாமாம்."